நன்றாக வீசிக்கொண்டிருந்தவரை ஏன் மாற்றினார்கள்?

2020 அக்டோபர் 27 இரவு. டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டன் நகரில் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். நான்கு ஆட்டம் வென்ற அணிக்குக் கோப்பை. கொரோனா காலம் என்பதால் மைதானத்தில் கால்வாசி இருக்கைகளில்தான் ஆட்கள். தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3-2 என்று முன்னால் இருந்தது. டாம்பா பே ரேஸ் அணி தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் அன்று காற்று ரேஸ் பக்கம் அடித்தது. பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், சமனில் நின்றால் இன்னும் நீளும்; ஒவ்வொன்றிலும் ஒரு அணிக்கு மூன்று அவுட். ரேண்டி அரோசரேனா முதல் இன்னிங்ஸிலேயே பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் ஒன்றை அடித்து 1-0 ஆக்கிவிட்டார். அந்த ஒரு ரன்னை வைத்துக்கொண்டு பிளேக் ஸ்னெல் மிரட்டத் தொடங்கினார்.

ஸ்னெல் இடக்கை பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். 2018இல், மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். அன்று டாட்ஜர்ஸ் வரிசையின் முதல் மூன்று பேரான மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர் தலா இரண்டு முறை அவரை எதிர்கொண்டார்கள். ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை ஆடவிடாமலே மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட்டான நிலையில், வரிசையின் கடைசி ஆளான ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சாதாரண சிங்கிள் அடித்து முதல் தளத்துக்கு வந்தார். அதுவரை ஸ்னெல் வீசியது 73 பந்துகள். கொடுத்தது 2 ஹிட், அதாவது அடித்துத் தளம் சேர்ந்தது இரண்டே முறை. ஸ்ட்ரைக்அவுட் 9. நான்கு தவறான பந்து வீசி இலவசமாகத் தளத்தைக் கொடுக்கும் வாக் யாருக்கும் கொடுக்கவில்லை.

ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் டக்கவுட்டிலிருந்து எழுந்து பிட்சர் மேட்டை நோக்கி நடந்தார். ஸ்னெலின் முகம் அப்படியே தொங்கிப்போனதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. பந்து கைமாறியது. நிக் ஆண்டர்சன் வந்தார். பெட்ஸ் அவரை இடப்பக்கம் இரட்டை அடி, அதாவது இரண்டாம் தளம் வரை ஓடும் அடி அடித்தார். அடுத்து ஒரு பந்து கைதவறிப் போய் பார்ன்ஸ் ஓடிவந்து 1-1. சீகர் தரையோடு உருட்டிய பந்தில் பெட்ஸ் பாய்ந்து வந்து 2-1. எல்லாம் சில நிமிடங்களில். எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸே ஒரு ஹோம் ரன்னும் அடித்து 3-1 என முடித்துவைத்தார். 1988க்குப் பிறகு டாட்ஜர்ஸுக்கு முதல் கோப்பை.

அந்த நடையைப் பற்றி பேஸ்பால் ரசிகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தரப்புக்குக் கேஷ் கணினி சொன்னதைக் கேட்டு ஆட்டத்தைத் தாரைவார்த்தவர். இன்னொரு தரப்புக்கு அவர் சரியாகக் கணக்குப் போட்டும் அதிர்ஷ்டம் கைவிட்டவர். இரண்டு தரப்புமே தவறான இடத்தில் நின்று சண்டை போடுகிறது என்பது என் எண்ணம். அதற்கு முன், கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டும்.

திரும்பி வர முடியாத ஆட்டம்

கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை நான்கு ஓவரோடு நிறுத்திவிட்டு, மாலையில் மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் முடியாது. மேட்டிலிருந்து எடுத்து வெளியே அனுப்பினால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. முடிவு எடுப்பதும் களத்தில் நிற்கும் கேப்டன் அல்ல. டக்கவுட்டில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர். நாம் பயிற்சியாளர் என்று சொல்லும் ஆளுக்கு அங்கே அந்தப் பெயர். வயது அறுபதானாலும் வீரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

ஒரு அணியின் 26 பேர் பட்டியலில் இப்போது 13 பேர் வரை பிட்சர்களாக இருக்கலாம். அவர்களில் ஐந்து பேர் ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டர்கள். ஒருவர் ஒரு நாள் வீசினால் அடுத்த நான்கைந்து நாள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார். மற்றவர்கள் ரிலீவர்கள். இவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பெயர் புல்பென். 162 ஆட்டம் கொண்ட சீசனில் இந்த 13 கைகளையும் தேய்ந்துபோகாமல் பிளேஆஃப் நடக்கும் அக்டோபர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மேனேஜரின் பாதி வேலை.

ரசிகர் கண்ணில் படாத இன்னொன்று உண்டு. ரிலீவர் கூப்பிட்டவுடன் வந்து வீச முடியாது. புல்பென்னில் கைச்சூடு ஏற்றிக்கொள்ள வேண்டும்; அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். எனவே ஆபத்து வந்தபின் முடிவெடுத்தால் நேரம் தாண்டிவிடும். வருவதற்கு முன்பே, வரும் என்று நினைத்து ஆளைத் தயார் செய்ய வேண்டும். தயாரானவரைக் கூப்பிடாமல் விட்டாலும் அந்த வார்ம்அப் அவர் கையில் ஒரு கணக்காக ஏறிவிடும்.

அதையும் தொலைபேசியில் சொல்லித்தான் செய்ய வேண்டும். 2011 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், அதே ஆர்லிங்டன் ஊர், பழைய மைதானம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மேனேஜர் டோனி லா ருசா, ஜேசன் மோட்டேயைத் தயார் செய்யச் சொல்லிப் போன் செய்தார். கூட்டத்தின் சத்தத்தில் மறுமுனையில் இருந்தவருக்கு அது சரியாகக் கேட்கவில்லை. அங்கே வார்ம்அப் செய்யாமல் போனதால், ஒரு இடக்கை பிட்சர் வலக்கை பேட்டரான மைக் நாப்போலியை எதிர்கொள்ள வேண்டிவந்தது. நாப்போலி அடித்த இரட்டை அடியில் இரண்டு ரன். அப்புறம் மோட்டே வருவார் என்று லா ருசா பார்த்தால், நடந்து வந்தவர் லான்ஸ் லின். அந்த ஆட்டம் போனது. கார்டினல்ஸ் கடைசியில் கோப்பையை வென்றுவிட்டதால் இன்று இது சிரிப்புக் கதை. தோற்றிருந்தால் லா ருசாவை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் சுற்று

பழைய காலத்தில் இந்த வழக்கே கிடையாது. தொடங்கியவரே முடிப்பார். 1904இல் ஜாக் செஸ்ப்ரோ 51 ஆட்டங்களைத் தொடங்கி 48 ஆட்டங்களைத் தானே முடித்தார். 1968இல்கூட பாப் கிப்சன் 34 தொடக்கத்தில் 28ஐ முடித்தார். அந்த ஆண்டு பிட்சர்கள் அவ்வளவு ஆதிக்கம் செலுத்தியதால்தான் மறு ஆண்டே மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். இன்றோ 30 அணிகளின் எல்லா பிட்சர்களும் சேர்ந்து ஒரு சீசனில் முடிக்கும் ஆட்டங்களைக் கூட்டினாலும் கிப்சன் ஒருவரே அந்த ஆண்டு முடித்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது.

இடையில் என்ன நடந்தது? பல காரணங்கள். கை அறுவைச் சிகிச்சைகள் பெருகின, வேகம் கூடியது, ரிலீவர்களின் தரம் உயர்ந்தது. ஆனால் ஸ்னெல் வழக்கைப் புரிந்துகொள்ள ஒன்று போதும். பேஸ்பாலில் ஒன்பது பேட்டர்கள் மாறாத வரிசையில் சுற்றிச் சுற்றி வருவார்கள். அதே பிட்சரை முதல் முறை பார்க்கும்போது பேட்டருக்குத் திணறல். இரண்டாவது முறை கொஞ்சம் பிடிபடும். மூன்றாவது முறை வரும்போது பந்து எங்கிருந்து கிளம்புகிறது, எப்போது வளைகிறது என்று கண் பழகியிருக்கும். பிட்சரின் கையும் களைத்திருக்கும். பல்லாயிரம் ஆட்டங்களின் கணக்கில் இது தெளிவாகத் தெரிகிறது. சராசரி பிட்சர் மட்டுமல்ல, நல்ல பிட்சரும் மூன்றாம் சுற்றில் அடி வாங்குகிறார்.

அந்தக் கணக்கை முதலில் கையில் எடுத்த அணிகளில் ரேஸும் ஒன்று. அவர்களிடம் பணம் இல்லை. 2020இல் டாட்ஜர்ஸின் சம்பளப் பட்டியல் ரேஸைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. பணமில்லாதவன் மூளையை நம்பித்தானே ஆக வேண்டும். 2018 மே மாதம் கேஷ் ஒரு விசித்திரம் செய்தார். வழக்கமாகக் கடைசியில் வரும் செர்ஜியோ ரோமோவை முதல் ஆளாக அனுப்பி, எதிரணியின் பலமான முதல் பேட்டர்களை மட்டும் கவனிக்கச் சொன்னார். நீண்ட நேரம் வீசுகிறவர் அதற்குப் பிறகு வந்தார். அவர் அந்தப் பலமான ஆட்களை மூன்றாவது முறை சந்திக்காமலே தப்பிக்கலாம் அல்லவா? முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் மற்ற அணிகளும் எடுத்துக்கொண்டன. அந்த ரேஸ் அணியின் நிர்வாகத்தைப் பல ஆண்டுகள் நடத்திய ஆண்ட்ரூ ஃப்ரீட்மன்தான் 2014இலிருந்து டாட்ஜர்ஸின் பேஸ்பால் பிரிவுத் தலைவர். ஆக அன்று ஆர்லிங்டனில் இரண்டு பக்கமும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

இப்போது ஸ்னெலுக்கு வருவோம். அவர் அன்று சந்தித்த பேட்டர்களை எண்ணிப் பாருங்கள்: 16 அவுட், 2 ஹிட். மொத்தம் 18. சரியாக இரண்டு சுற்று. பத்தொன்பதாவது ஆள், அதாவது மூன்றாம் முறையாக பெட்ஸ், மட்டையோடு வரும்போது கேஷ் நடந்து வருகிறார். அந்த நடை ஆறாவது இன்னிங்ஸில் தீர்மானிக்கப்பட்டது அல்ல. பல மாதங்களுக்கு முன்பே, ஏன், பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த அணி எடுத்த முடிவு. பெட்ஸும் சீகரும் ஸ்னெலை மூன்றாவது முறை பார்ப்பதை விரும்பவில்லை என்றுதான் கேஷும் ஆட்டம் முடிந்ததும் விளக்கினார். அந்த ஆண்டு ஸ்னெல் ஒரு ஆட்டத்தில்கூட ஆறு இன்னிங்ஸை முழுதாக முடித்ததில்லை. அதனால் ஸ்னெலே எதிர்பார்க்காத அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை.

ரசிகர்களின் வாதமும் லேசானது அல்ல. "கணக்கு சராசரிக்குத்தான். இன்று நம் கண்முன் இருக்கிறவர் சராசரி ஆளா?" என்பது அவர்கள் கேள்வி. 73 பந்து என்பது ஸ்டார்ட்டருக்கு முக்கால் வேலை. பந்தின் வேகம் குறைந்த அறிகுறி இல்லை. அடித்தவர் வரிசையின் கடைசி ஆள். அடித்ததும் ஒரு சிங்கிள். அதோடு இன்னொன்று: அந்த சீசனில் பெட்ஸ் இடக்கை பிட்சர்களிடம் திணறி, வலக்கை பிட்சர்களை வெளுத்துக்கொண்டிருந்தார். ஸ்னெல் இடக்கை. ஆண்டர்சன் வலக்கை. கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்தவர் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லையா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பின்னர் வந்த புள்ளியியல் ஆய்வு ஒன்று இந்த மூன்றாம் சுற்றைப் பற்றியே ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது. இரண்டாம் சுற்று முடிந்து மூன்றாவது தொடங்கும் இடத்தில் திடீர்ப் பள்ளம் எதுவும் இல்லை. ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பிட்சரின் திறன் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே வருகிறது, அவ்வளவுதான் என்றது அது. அப்படியானால் பதினெட்டாவது பேட்டருக்கும் பத்தொன்பதாவது பேட்டருக்கும் நடுவில் ஒரு கதவு வைத்துச் சாத்துவதில் பெரிய நியாயம் இல்லை. சரிவு உண்மை, அந்தக் கோடு மட்டும் நாமாகப் போட்டது.

பத்து நாளுக்கு முன்

இனி, கேஷைத் திட்டுகிறவர்கள் வசதியாக மறந்துவிடும் ஒரு ஆட்டம். அக்டோபர் 17. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராக. தோற்றால் அங்கேயும் வீட்டுக்குத்தான். ரேஸ் பிட்சர் சார்லி மோர்ட்டன் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 2 ஹிட், 66 பந்து. ஸ்னெலைவிடக் குறைவு! ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் தளத்தில். கேஷ் நடந்து வந்தார். மோர்ட்டனை எடுத்தார். வந்தவர் யார்? அதே நிக் ஆண்டர்சன். மைக்கேல் பிரான்ட்லி தரையில் உருட்டி அவுட். எட்டாவது இன்னிங்ஸில் ஆண்டர்சன் இரண்டு ரன் கொடுத்தார்தான், ஆனால் அதற்குள் ரேஸ் 4-0 என்று இருந்தது. 4-2 வெற்றி. உலகத் தொடருக்குத் தகுதி.

அன்று எவரும் கேஷைக் கணினியின் அடிமை என்று சொல்லவில்லை. துணிச்சல்காரர் என்றார்கள். அதே ஆண்டு அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருதும் அவருக்கே கிடைத்தது. நவம்பரில் அறிவித்தபோது ரசிகர்கள் பல்லைக் கடித்தார்கள். ஆனால் அந்த ஓட்டு அக்டோபர் ஆட்டங்களுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

இதை வைத்து "ஜெயித்தால் மேதை, தோற்றால் முட்டாள், ரசிகர்களே இப்படித்தான்" என்று முடித்துவிடுவது சுலபம். பல ஆய்வாளர்கள் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதாது. ஏனென்றால் இரண்டு ஆட்டமும் ஒன்று அல்ல. வெளியே எடுக்கப்பட்டவர்கள் விஷயத்தில் ஒன்றுதான். கொண்டுவந்தவரைப் பாருங்கள்.

ஆண்டர்சன் 2020 சீசனில் நம்ப முடியாத பிட்சர். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த சராசரி ரன் 0.55. ஆனால் அக்டோபர் வந்ததும் கேஷ் அவரைப் பிழிந்தெடுத்தார். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்துக்கு வரும்போது, அதற்கு முன் மேடேறிய ஆறு ஆட்டங்களிலும் அவர் குறைந்தது ஒரு ரன் கொடுத்திருந்தார். மோர்ட்டனுக்குப் பதில் வந்த ஆட்டமும் அதில் சேர்த்திதான். அன்று அணி முன்னிலையில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஆர்லிங்டனில் அவர் ரன் கொடுத்தது தொடர்ந்து ஏழாவது முறையானது. பிளேஆஃப் வரலாற்றில் தொடர்ந்து ஏழு முறை ரன் கொடுத்த முதல் ரிலீவர் அவர். மறு ஆண்டு வசந்தத்தில் அவருடைய முழங்கைத் தசைநார் ஓரளவு கிழிந்திருப்பது தெரியவந்தது. 2021 சீசனில் பெரும்பகுதி அவர் ஆடவில்லை. அக்டோபரிலேயே கையில் கோளாறு இருந்ததா என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் களைப்பைக் காட்ட எண்களே போதுமானதாக இருந்தன. புல்பென்னில் டியேகோ காஸ்டியோ இருந்தார், பீட் ஃபேர்பேங்க்ஸ் இருந்தார்.

ஆக என் தீர்ப்பு இது. ஸ்னெலை எடுத்ததை நியாயப்படுத்தலாம். நான் அங்கே இருந்தால் பெட்ஸ் வரைக்குமாவது விட்டிருப்பேன். ஆனால் எடுத்ததும் மன்னிக்க முடியாத குற்றமில்லை. ஆண்டர்சனைக் கொண்டுவந்ததுதான் பிழை. எண்களை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்ட அணி, அந்த மாதத்தின் கண்ணெதிரே இருந்த எண்ணை விட்டுவிட்டு, சீசனில் சம்பாதித்த பழைய எண்ணை நம்பியது.

போகிறவரும் வருகிறவரும்

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மற்றப் புகழ்பெற்ற வழக்குகளைப் பார்த்தால் சில வேறுமாதிரி தெரிகின்றன.

இந்த வழக்குகளுக்கெல்லாம் தாய் வழக்கு 2003. அக்டோபர் 16, நியூயார்க். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1918க்குப் பிறகு கோப்பையே பார்க்காத அணி. ஜன்ம விரோதியான யாங்கீஸுக்கு எதிராக லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் 5-2 முன்னிலை. பெட்ரோ மார்ட்டினெஸ் ஏழு இன்னிங்ஸில் சரியாக 100 பந்து வீசி முடித்திருந்தார். நூறைத் தாண்டினால் பெட்ரோ சாதாரண மனிதர் என்று பாஸ்டனில் டாக்ஸி ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். மேனேஜர் கிரேடி லிட்டில் அவரையே அனுப்பினார். ஒருவர் அவுட். அப்புறம் ஜீட்டர் இரட்டை அடி, பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள், 5-3. லிட்டில் மேட்டுக்கு வந்து பெட்ரோவிடம் பேசினார். முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் பெட்ரோ. அவரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். மட்சுயி இரட்டை அடி. பொசாடா இரட்டை அடி. 5-5. பெட்ரோவின் எண்ணிக்கை 123. பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னோடு ஆட்டம் முடிந்தது. அந்த மாதம் முடிவதற்குள் லிட்டிலுக்கு வேலையும் போனது.

"பெட்ரோவை ஏன் விட்டார்" என்றுதான் இருபது ஆண்டாகக் கேட்கிறார்கள். நான் மாற்றிக் கேட்பேன்: ஆலன் எம்ப்ரி, மைக் டிம்லின் என்று அந்த அக்டோபர் முழுக்க அருமையாக வீசிய இரண்டு பேர் புல்பென்னில் இருந்தும் அவர்களை ஏன் நம்பவில்லை? பிட்சரிடம் "முடியுமா" என்று கேட்பதில் ஒரு பயனும் இல்லை. அந்த இடத்தில் முடியாது என்று சொல்கிற ஆளாக இருந்தால் அவர் அந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டார். 2015 உலகத் தொடரில் நியூயார்க் மெட்ஸின் மேட் ஹார்வி கேட்கப்படாமலே வந்து, ஒன்பதாவது இன்னிங்ஸையும் நானே வீசுகிறேன் என்று மேனேஜர் டெர்ரி காலின்ஸிடம் சண்டை போட்டு வாங்கினார். 2-0 முன்னிலை கரைந்து, 12 இன்னிங்ஸில் 7-2 தோல்வி. கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் கோப்பையைத் தூக்கியது.

2016 பால்டிமோர் வழக்கு முற்றிலும் வருகிறவரைப் பற்றியது, அதாவது வராதவரைப் பற்றியது. சாக் பிரிட்டன் அந்த ஆண்டு 47 முறை முன்னிலையைக் காக்க வந்து 47 முறையும் காத்தார். சராசரி 0.54. டொராண்டோவில் ஒரே ஒரு ஆட்டம், தோற்றால் சீசன் முடிந்தது. 2-2 என்று பதினோராவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. மேனேஜர் பக் ஷோவால்டர் பிரிட்டனைக் கூப்பிடவே இல்லை. உபால்டோ ஹிமெனெஸை எட்வின் என்கர்நாசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், 5-2. பிரிட்டன் புல்பென்னிலேயே நின்றிருந்தார். ஏன்? வெளியூர் ஆட்டத்தில் முன்னிலை கிடைத்தபின்தான் கடைசி ஆளைக் கொண்டுவர வேண்டும் என்ற பழைய வழக்கம். அந்த வழக்கத்துக்கு வேர் "சேவ்" என்ற ஒரு புள்ளிவிவரம். 1969இல் அதிகாரபூர்வமானது. முன்னிலையைக் காத்தால்தான் அது கணக்கில் ஏறும், சம்பளமும் அதை வைத்துத்தான் ஏறும். ஒரு புள்ளிவிவரத்துக்காக ஆட்டத்தையே வளைத்துக்கொண்டார்கள். கணினி வந்து கெடுத்தது என்று புலம்புகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இது கணினி சொன்னதல்ல, பழக்கம் சொன்னது.

2003இல் பாஸ்டனை அழவைத்த அந்த ஆரன் பூன் பிற்பாடு யாங்கீஸுக்கே மேனேஜர் ஆனார். டாட்ஜர்ஸுக்கு எதிரான 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3-2 முன்னிலை. ஒரு மாதத்துக்கும் மேலாகக் கைக் காயத்தால் ஆடாமல் இருந்த நெஸ்டர் கோர்ட்டெஸைக் கூப்பிட்டார். நல்ல நிலையில் இருந்த இன்னொரு இடக்கை ஆள் டிம் ஹில் தயாராக நின்றுகொண்டிருந்தார். கோர்ட்டெஸ் முதல் பந்தில் ஒஹ்தானியை அவுட் ஆக்கினார். பெட்ஸுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள். அடுத்த பந்தை ஃப்ரெடி ஃப்ரீமன் மூன்று தளத்திலும் ஆள் நிற்க வேலிக்கு வெளியே அனுப்பினார். உலகத் தொடர் வரலாற்றிலேயே ஆட்டத்தை முடித்த முதல் கிராண்ட் ஸ்லாம். அதற்கு முன் ஸ்டார்ட்டர் கெரிட் கோலை 88 பந்தில் எடுத்ததற்கும் பூனைத் திட்டினார்கள். ஆனால் இன்றுவரை நினைவில் நிற்பது கோர்ட்டெஸ்தான். இந்த ஒரு வழக்கில் ரசிகர்கள் சரியான இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

யார் முடிவு?

இப்போதெல்லாம் கோபம் இன்னொரு திசையிலும் பாய்கிறது. மேட்டுக்கு நடப்பவர் மேனேஜர். ஆனால் நடக்கச் சொன்னது யார்? 2023 அக்டோபர் 4, மினியாபொலிஸ். டொராண்டோ புளூ ஜேஸின் ஹோசே பெரியோஸ் மூன்று இன்னிங்ஸைச் சுத்தமாக முடித்து, நான்காவதில் முதல் ஆளுக்கு வாக் கொடுத்தார். 47 பந்து. மேனேஜர் ஜான் ஷ்னைடர் வந்து அவரை எடுத்துவிட்டார். பதிலுக்கு வந்த யூசேய் கிகுச்சி அந்த ஆண்டு முழுக்க ஸ்டார்ட்டராக வீசியவர். இரண்டு ரன். ஆட்டம் 2-0. சீசன் முடிந்தது. இது ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நிர்வாகம் எழுதிக்கொடுத்த திட்டம் என்று ரசிகர்கள் மட்டுமல்ல, சில வீரர்களும் வெளிப்படையாகவே முகம் சுளித்தார்கள். அணியின் பொது மேலாளர் ராஸ் அட்கின்ஸ் சில நாள் கழித்துப் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, முடிவு ஷ்னைடருடையது என்றார். அதற்குப் பிறகு கோபம் இன்னும் அதிகமானது. தோல்வியைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். கீழே இருப்பவன் தலையில் கட்டுவதை அல்ல.

2022 ஏப்ரலில் கிளேட்டன் கெர்ஷாவுக்கு நடந்தது வேறு ரகம். அதே மினியாபொலிஸ் மைதானம். டாட்ஜர்ஸுக்காக ஏழு இன்னிங்ஸ், 80 பந்து, 13 ஸ்ட்ரைக்அவுட், ஒரு பேட்டரைக்கூடத் தளத்துக்கு விடவில்லை. இன்னும் ஆறு அவுட் எடுத்தால் பெர்ஃபெக்ட் கேம். நூறாண்டைத் தாண்டிய மேஜர் லீக் வரலாற்றில் இன்றுவரை 24 முறைதான் நடந்திருக்கிறது. மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அவரை எடுத்துவிட்டார். சீசனின் முதல் வாரம், குளிர், முந்தைய ஆண்டின் கைக்காயம். கெர்ஷாவே அதுதான் சரி என்றார். ரசிகர்கள் ஏற்கவில்லை. அவர்கள் கேட்டது வெற்றியை அல்ல, டாட்ஜர்ஸ் ஜெயித்துவிட்டது. வாழ்நாளில் ஒருமுறை பார்க்கக் கிடைக்கும் ஒன்றைக் கேட்டார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு அக்டோபரில் அந்தக் கை எப்படி இருக்கும் என்பது இரண்டாவது கவலை. அதில் எனக்கு அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு.

ராபர்ட்ஸ் இதற்கெல்லாம் பழக்கப்பட்டவர். 2018 உலகத் தொடரில் ஒரே ஒரு ஹிட் கொடுத்திருந்த ரிச் ஹில்லை எடுத்து, 4-0 முன்னிலை 9-6 தோல்வியாக மாறியபோது அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி டிரம்பே கண்டித்து ட்வீட் போட்டார். மறு ஆண்டு வாஷிங்டனுக்கு எதிராக கெர்ஷாவை விட்டுவைத்தார். அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன். எடுத்தாலும் திட்டு, விட்டாலும் திட்டு. 2020இல் ஆர்லிங்டனில் எதிர் டக்கவுட்டில் உட்கார்ந்து, கேஷ் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

ஸ்னெல் 2020 டிசம்பரிலேயே சான் டியாகோவுக்கு மாற்றப்பட்டார். அங்கே 2023இல் இரண்டாவது சை யங் விருது. 2024 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவுக்காக சின்சினாட்டியில் 114 பந்து வீசி, ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். அவர் தொழில்வாழ்க்கையில் முழுதாக முடித்த முதல் ஆட்டமே அதுதான். பிறகு டாட்ஜர்ஸுக்குப் போனார்.

2025 அக்டோபர் 13, மில்வாக்கி. நேஷனல் லீக் இறுதித் தொடரின் முதல் ஆட்டம். ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ், 103 பந்து, ஒரே ஒரு ஹிட், 10 ஸ்ட்ரைக்அவுட். அந்த ஒரு ஹிட் அடித்தவரையும் தளத்தில் வைத்தே அவுட் ஆக்கிவிட்டதால், எட்டு இன்னிங்ஸில் அவர் எதிர்கொண்டது 24 பேரைத்தான். அதற்குக் குறைவாக யாராலும் எதிர்கொள்ள முடியாது. ஒன்பதாவது இன்னிங்ஸில் 2-0 முன்னிலையோடு ராபர்ட்ஸ் அவரை நிறுத்தி, ரோகி சசாகியை அனுப்பினார். சசாகி ஒரு ரன் கொடுத்தார். அவருக்குப் பதில் வந்த பிளேக் டிரைனன், மூன்று தளத்திலும் ஆள் நிற்கும்போது கடைசி பேட்டரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார். 2-1. மறுநாள் லாஸ் ஏஞ்சலஸில் பாதிப்பேர் ஸ்னெலை ஏன் எடுத்தார் என்று கேட்டார்கள், மீதிப்பேர் சசாகியை ஏன் கொண்டுவந்தார் என்று கேட்டார்கள்.